ஃப்ளைவீல் எடைக்கு முன்னால் சீட்டைப் பாருங்கள்

உடற்பயிற்சி சைக்கிள் வாங்குபவர்கள் முதலில் ஃப்ளைவீல், அதாவது பெடலை மிதிக்கும்போது சுழலும் கனமான சக்கரம், எத்தனை கிலோ என்றுதான் பார்க்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். வேகமாக, கடுமையாக ஓட்டுவதற்கான ஸ்பின் பைக்குக்கு அது சரி. ஆனால் குறைந்த விலையில் வீட்டுக்கு ஒன்று தேடுபவர்கள் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது சீட் உயரம்தான், பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப உயர்ந்திருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். வீட்டில் யார் யார் ஓட்டப்போகிறார்களோ அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதுகுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் சாய்ந்து உட்காரும் ரிகம்பென்ட் வகைதான் வசதி.

அப்புறம் ரெசிஸ்டன்ஸ், அதாவது பெடலை மிதிக்கும்போது இருக்கும் இறுக்கம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஒரு பட்டை சக்கரத்தில் உரசித்தான் இறுக்கம் வருகிறது, அது தேயும், சத்தம் போடும், பிறகு மாற்ற வேண்டும். காந்தத்தால் இறுக்கம் தரும் வகையில் உரசலே கிடையாது. அடுக்குமாடியில் விடியற்காலை ஓட்டுபவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது காந்தமும், சக்கரத்தைச் சுற்ற செயினுக்குப் பதில் பெல்ட்டும் உள்ளதையே எடுங்கள், கீழ்வீட்டுக்காரர் தூக்கமும் முக்கியம்தானே.

பெரிய திரை, ஆப், இதற்கெல்லாம் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள். அதில் காட்டும் கலோரி வெறும் தோராயக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சிக்குச் சாதாரண மாடலே போதும்.

பழையது வாங்குவதாக இருந்தால் பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள், கடகடவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கலாம், விட்டுவிடுங்கள்.