டேட்டாவின் கைகளைக் காட்டாமல் விட்டது ஏன் சரி

இயந்திரத்துக்கு உணர்ச்சி வருவதைத் திரையில் காட்ட வேண்டும் என்றால் எல்லாரும் முதலில் போய் நிற்பது முகத்தில்தான். கண் கலங்கும், உதடு துடிக்கும், குரல் உடையும். 1990 மார்ச் 12 அன்று ஒளிபரப்பான 'தி ஆஃப்ஸ்பிரிங்' இதில் ஒன்றைக்கூட டேட்டா என்ற ஆண்ட்ராய்டுக்கு, அதாவது மனித உருவ இயந்திரத்துக்கு, கொடுக்கவில்லை. ஒரு விண்கப்பலில் நடக்கும் 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் சீசனில் 16ஆவது எபிசோடு அது. எழுதியவர் ரெனே எச்செவரியா. தொடரில் கப்பல் அதிகாரி ரைக்கராக நடித்த ஜோனதன் ஃபிரேக்ஸ் முதன்முதலாக இயக்கியதும் இதைத்தான். ஆண்ட்ராய்டும் உணர்ச்சியும் என்ற விஷயத்தில் இதைத் தாண்டி ஒன்று வந்ததாக நான் நினைக்கவில்லை.

டேட்டா தன் பாசிட்ரானிக் மூளையை, அதாவது தன் செயற்கை மூளையை, மாதிரியாக வைத்து ஒரு மகளை உருவாக்குகிறான். லால் என்று பெயர். இந்திச் சொல், அன்புக்குரியவள் என்று அவனே பொருள் சொல்கிறான். நாம் செல்லம் என்று கூப்பிடுவது போல. எனக்கு உணர்ச்சி கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறவன் பிள்ளைக்கு வைத்த பெயர் அது!

லால் கண் சிமிட்டக் கற்றுக்கொள்கிறாள். பள்ளியில் பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஏன் என்று அவளுக்குப் புரிவதில்லை. மனிதர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும் என்று கைனன் என்ற பெண் நடத்தும் கப்பலின் மதுக்கூடமான டென் ஃபார்வர்டில் டேட்டா அவளை வேலைக்குச் சேர்த்துவிடுகிறான். அங்கே ஒரு ஜோடி முத்தமிடுவதைப் பார்த்து, அவன் அவளைக் கடிக்கிறான் என்று நினைக்கிறாள்.

அதே இடத்தில்தான் அந்தச் சின்ன விஷயம் நடக்கிறது. பேச்சோடு பேச்சாக லால் 'ஐ ஹேவ்' என்பதை 'ஐவ்' என்று சொல்லிவிடுகிறாள். டேட்டாவுக்கு அது வராது. நாம் 'போய்விட்டேன்' என்பதைப் 'போய்ட்டேன்' என்கிறோமே, அந்தச் சுருக்கம்தான். அவனுக்கு எப்போதும் எழுத்துத் தமிழ். அவளுக்குப் பேச்சுத் தமிழ் வாய்த்துவிட்டது. அப்பாவுக்கு வராதது தனக்கு எதற்கு என்று அவள் நிறுத்தப் பார்க்கிறாள். அவன் விடவில்லை. இவள் அவனைத் தாண்டிவிட்டாள் என்பதைத் திரைக்கதை ஒரே ஒரு அசையில் ஊன்றிவிடுகிறது. பின்னால் பயம் வரும்போது அது வானத்திலிருந்து குதித்ததாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

மேலிடத்திலிருந்து வந்த அட்மிரல் ஹாஃப்டெல், லாலைக் கப்பலிலிருந்து கொண்டுபோக நினைக்கிறார். அது தெரிந்ததும் அவள் கப்பலின் மனநல ஆலோசகர் டிராயிடம் போய், பயமாக இருக்கிறது என்கிறாள். பயம் என்ற சொல்லின் பொருள் அவளுக்கு முன்பே தெரியும். இப்போது அதை உணர்கிறாள். அங்கிருந்து நேரே ஆய்வகத்துக்கு நடக்கிறாள். கோளாறு வந்தால் அங்கே திரும்பி வர வேண்டும் என்பது டேட்டா எழுதி வைத்த நிரல். முதல் உணர்ச்சியை அந்த மூளை கோளாறாகத்தான் படிக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நடை என்னை உலுக்குகிறது.

பிறகு அவள் மூளையின் இணைப்புகள் வரிசையாகச் சரிகின்றன. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று விழுகிறது. உள்ளே டேட்டாவும் ஹாஃப்டெலும் போராடுவதை நமக்குக் காட்டுவதில்லை. ஹாஃப்டெல் வெளியே வந்து சொல்கிறார்: அவன் கைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடின, அவன் கைவிட மறுத்தான். பிரித்துக் கொண்டுபோக வந்தவரின் வாயிலிருந்து, அவருடைய நடுங்கும் குரலில் வருகிறது அது. அந்தக் கைகளை வேகப்படுத்திப் படமாகக் காட்டியிருந்தால் வெறும் தந்திரக் காட்சியாகப் போயிருக்கும்.

டேட்டாவாக நடித்த பிரெண்ட் ஸ்பைனர் முகத்தை அசைக்காமல் வைத்திருப்பது ஏன் வேலை செய்கிறது என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற அதே முகத்தை சூப், சவப்பெட்டி என்று வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தார். பார்த்தவர்கள் முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். லாலின் கடைசி நிமிடங்களில் டேட்டாவின் முகம் அப்படித்தான். அவள் உன்னை நேசிக்கிறேன் என்கிறாள். உன்னோடு சேர்ந்து அதை உணர முடிந்தால் நன்றாக இருக்கும் என்கிறான் அவன். இருவருக்குமாக நானே உணர்கிறேன் என்கிறாள் அவள். லாலாக நடித்த ஹாலி டாட் அழாமல், சீரான குரலில் அதைச் சொல்லியிருப்பார்.

1994இல் வந்த 'ஸ்டார் டிரெக்: ஜெனரேஷன்ஸ்' திரைப்படத்தில் டேட்டாவுக்கு உணர்ச்சியைத் தரும் மின்னணுச் சில்லு (சிப்) ஒன்றைப் பொருத்தினார்கள். நண்பன் ஜோர்டியை எதிரி பிடித்துக்கொண்டு போகும்போது பயத்தில் அவன் உறைந்து நிற்பது நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் சில்லு என்று வந்துவிட்டால் உணர்ச்சி ஓர் உதிரிபாகம் ஆகிவிடுகிறது. மாட்டினால் வரும், கழற்றினால் போகும். சிரிப்பும் பயமும் ஒரே நாளில் மொத்தமாக வந்து இறங்குவதால் பாதிக் காட்சிகள் நகைச்சுவையாக முடிகின்றன. லாலின் பயத்தை யாரும் பொருத்தவில்லை. அப்பாவை விட்டுப் பிரிக்கப் போகிறார்கள் என்பதால் வந்தது. அந்தக் காரணம் நமக்கும் தெரியும், அதனால்தான் நாமும் அவளோடு பயப்படுகிறோம்.

'தி ஆஃப்ஸ்பிரிங்'கின் கடைசிக் காட்சியில் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் அனுதாபம் சொல்கிறார்கள். லாலின் நினைவுகளைத் தனக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டதாக டேட்டா சொல்கிறான். அழிந்துபோக விட அவனால் முடியவில்லையாம். பிறகு பேனலுக்குத் திரும்பி வேலையைத் தொடர்கிறான்.