எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் பூச்சி மருந்து ஊற்றுவதை விடுவோம்

மழை தொடங்கிவிட்டால் ஆடு வளர்ப்போர் குழுக்களில் ஒரே கேள்விதான்: "அல்பெண்டசோல் கொடுத்தும் ஆடு தேறலை, அடுத்து என்ன ஊத்தலாம்?" உடனே நாலைந்து குடற்புழு மருந்துப் பெயர்கள் வந்து விழும். புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுத்தீர்களா என்று கேட்பவர் அபூர்வம். என் ஆதங்கமெல்லாம் இதில்தான்.

நம் ஊர் வெள்ளாட்டையும் செம்மறியையும் பெரிதும் வாட்டுவது ஹீமாங்கஸ் என்ற ரத்தம் குடிக்கும் புழு. ஆட்டின் நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு புழு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லிதான். 5,000 புழு சேர்ந்தால் கால் லிட்டர். பல ஆடுகளுக்குக் கழிச்சல்கூட இருக்காது. தாடையில் நீர் கோத்துத் தொங்கும், மேய்ச்சலில் பின்தங்கும், ஒருநாள் காலையில் பட்டியிலேயே செத்துக் கிடக்கும்.

புது மருந்து வந்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பழைய கதையைப் பார்க்க வேண்டும். தயாபெண்டசோல் என்ற புழு மருந்து 1961இல் வந்தது. 1964க்குள் அதற்குச் சாகாத புழுவும் வந்துவிட்டது. ஐவர்மெக்டின் 1981இல் சந்தைக்கு வந்தது, அதன் கண்டுபிடிப்புக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் 1980களின் கடைசியிலேயே தென்னாப்பிரிக்கச் செம்மறிப் புழுக்கள் அதைத் தாண்டிவிட்டன. மோனெபான்டெல் 2009இல் நியூசிலாந்தில் அறிமுகமானது. 2013இல் அதே நாட்டில் ஒரு பண்ணையில் அது தோற்றுப்போன செய்தி வெளியானது. தமிழ்நாட்டு ஆடுகளிலும் அல்பெண்டசோல் வகை மருந்துக்கு அடங்காத புழுக்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மருந்தை வீணடிப்பது நம் பழக்கம்தான். எடை போடாமல் கண் மதிப்பில் ஊற்றுகிறோம். வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குக் குறைவாகப் போய்விடும் (அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்). எல்லாவற்றையும்விட மோசம், பட்டி முழுவதற்கும் ஒரே நாளில் ஊற்றுவது. மருந்தில் சாகாத புழு மட்டும் மிஞ்சும். அப்புறம் மேய்ச்சல் நிலம் முழுக்க அதன் வாரிசுகள்தான்.

தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இதற்கு எளிய வழி. ஆட்டின் கீழ் இமையை மெல்ல இறக்கி உள்பக்க நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். வெளுத்திருந்தால் மருந்து, நல்ல சிவப்பாக இருந்தால் வேண்டாம். மந்தையின் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளில்தான் குவிந்திருக்கும். மற்ற ஆடுகளை விட்டுவைத்தால் மருந்துக்குச் சாகும் புழுக்களும் நிலத்தில் மிஞ்சி, சாகாதவற்றோடு கலக்கும்; அதனால் சாகாத புழு மட்டுமே பெருகிவிடாது. ரத்தம் குடிக்கும் புழுவுக்குத்தான் இந்த முறை பொருந்தும், ஆனால் நம் தலைவலியே அந்தப் புழுதானே.

நான் அதிகம் எதிர்பார்ப்பது தடுப்பூசியை. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்தார் உழைப்பில் உருவான பார்பர்வாக்ஸ் 2014இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. புழுவின் குடல் சுவரிலுள்ள புரதங்களுக்கு எதிராக ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகும். அந்த ரத்தத்தைக் குடிக்கும் புழுவின் குடலே பாழாகும். மருந்தை எதிர்க்கும் புழுவும் இதில் தப்பாது. சிக்கல் என்னவென்றால், அந்தப் புரதத்தை ஆட்டு வயிற்றிலிருந்து சேகரித்த புழுக்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் மரபணு வழியாகச் செய்து பார்த்த புரதம் அதே பலன் தரவில்லை. ஒரே ஊசியோடும் முடிவதில்லை, சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். 2019 கணக்கெடுப்பின்படி சுமார் 14.9 கோடி வெள்ளாடும் 7.4 கோடி செம்மறியும் உள்ள நாடு இது. இந்த முடிச்சை அவிழ்க்கும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க நம்மைவிட அதிகத் தேவை வேறு யாருக்கு இருக்கிறது?

அதுவரை ஒன்றாவது செய்யலாம். குடற்புழு நீக்க முகாமில் மருந்து ஊற்றும் முன் கால்நடைத் துறையினர் பத்துப் பதினைந்து ஆடுகளின் புழுக்கையில் முட்டைகளை எண்ணட்டும், 14 நாள் கழித்து அதே ஆடுகளில் மறுபடி எண்ணட்டும். முட்டை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்தை அந்த ஊருக்கு மறுபடி அனுப்பாதீர்கள். முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள், ஆடு வைத்திருப்பவர்கள் படித்துக்கொள்வார்கள்.