ஐந்தாம் நாளில் ரத்தம் எதற்கு?

இணையத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்விக்குக் கீழே வந்த பதில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாய்வழி உறவு முடிந்து ஐந்து நாள் ஆகிறது, உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, ஹெர்பிஸ் (வாயிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் வைரஸ் தொற்று) வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அவர் கேட்டது இவ்வளவுதான். பாதிப் பேர் அவருடைய ஒழுக்கத்தை விசாரித்தார்கள். மீதிப் பேர் "உடனே போய் ரத்தம் கொடு" என்றார்கள். அவரும் கொடுத்தார். ஐஜிஎம் (தொற்றை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்களில் ஒன்று) பாசிட்டிவ் என்று வந்த தாளைப் போட்டு, இனி எனக்குக் கல்யாணமே இல்லை என்று எழுதினார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

புண் இருந்தால் புண்ணைச் சோதிக்க வேண்டும். புண் இல்லையென்றால், ஐந்தாம் நாள் ரத்தத்தில் இந்தத் தொற்றைத் தேடிப் பயனில்லை.

ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருள் உருவாகவே வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்துக்குள் தெரியும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். ஐந்தாம் நாளில் ஐஜிஜி பாசிட்டிவ் வந்தால், அது உண்மையாகவே இருந்தாலும் பழைய தொற்றைத்தான் காட்டுகிறது. ஐஜிஎம்மோ இன்னும் மோசம். ஹெர்பிஸில் இரண்டு வகை: பெரும்பாலும் வாயில் வரும் முதல் வகை, பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகை. எந்த வகை என்று ஐஜிஎம் நம்பும்படி பிரித்துச் சொல்லாது, பழைய தொற்று திரும்பக் கிளம்பும்போதும் வரும், தொற்றே இல்லாமலும் வரும். அதனால்தான் ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் எடுக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தத் தாளை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது.

"சும்மா எடுத்து வைத்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பீர்கள். கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 380 கோடிப் பேருக்கு, முதல் வகை இருக்கிறது. பலருக்குச் சின்ன வயதிலேயே எச்சில் வழியாக வந்தது. ரத்தத்தில் அது தெரிந்தாலும் வாயில் இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாது. இரண்டாம் வகை ஐஜிஜியில் அளவு 1.1-லிருந்து 3-க்குள் வந்தால் பொய்யான பாசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம், வேறு முறையில் உறுதி செய்தாக வேண்டும். இதைச் சொல்லாமல் ஒருவர் கையில் தாளைக் கொடுத்தால் அவர் எப்படித் தூங்குவார்?

அப்படியானால் என்ன செய்வது? பாருங்கள். புண் வருவதென்றால் பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் வரும். முதலில் குறுகுறுப்பு அல்லது எரிச்சல், பிறகு சிவந்த தோலில் கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளங்கள், அவை உடைந்து ஆழமில்லாத, தொட்டால் வலிக்கிற புண்கள். முதல் முறையில் காய்ச்சல் வரலாம், தொடை இடுக்கில் நெறி கட்டலாம், சிறுநீர் போகும்போது எரியலாம். மயிர்க்காலில் வரும் ஒற்றைப் பரு, சவரம் செய்த எரிச்சல், உராய்வில் தோல் வழண்ட இடம் எல்லாம் ஹெர்பிஸ் இல்லை. ஆனால் லேசான ஹெர்பிஸ் வெறும் கீறல் போலவும் இருக்கும். சந்தேகம் என்றால் காட்டிவிடுங்கள்.

புண் வந்தால் ஓரிரு நாளுக்குள் பால்வினை நோய் மருத்துவரிடம் போங்கள். கொப்புளத்தைத் திறந்து, அடிப்பகுதியில் பஞ்சுக்குச்சியை அழுத்தித் தேய்த்து எடுத்து, பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்க்க வேண்டும், வகையோடு. மேலே ஒற்றி எடுத்தாலோ, பொருக்குத் தட்டியபின் எடுத்தாலோ தொற்று இருந்தும் நெகட்டிவ் வரலாம். அதற்கு முன்னால் கடையில் விற்கும் ஸ்டீராய்டு கலந்த அரிப்புக் களிம்பைத் தடவாதீர்கள், புண்ணின் தோற்றமே மாறிவிடும். முதல் முறைக்கு வழக்கமாகக் கொடுப்பது அசைக்ளோவிர் 400 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள். சீக்கிரம் தொடங்கினால்தான் பலன், அதனால் மருத்துவர் எழுதித்தரப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சிறுநீர் எரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து போங்கள். போகவே முடியவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

"பயப்படவே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. உதட்டில் புண் உள்ளவரின் வாயிலிருந்து பிறப்புறுப்புக்கு முதல் வகை நன்றாகவே தொற்றும், புண் இல்லாத நாளிலும் சில சமயம் தொற்றும். ஆனால் அங்கே வந்த முதல் வகை, இரண்டாம் வகையைவிட மிகக் குறைவாகவே திரும்பி வரும், போகப் போக இன்னும் குறையும். வாய்வழி உறவுக்குப் பிறகு சோதிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன: கொனோரியா, கிளமிடியா (இரண்டு வாரம் கழித்து), சிபிலிஸ் (தெரிய 12 வாரம் வரை ஆகலாம்). அவற்றுக்கு மருந்து உண்டு, குணமாகும். அவற்றைப் பற்றி அந்தத் தம்பியிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"ஒழுங்காக இருந்தால் வருமா?" என்று கேட்டவர்களுக்கு: வரும். குழந்தையாக இருந்தபோது பாசத்தோடு முத்தம் கொடுத்தவரிடமிருந்து வந்திருக்கலாம். உங்களுக்கே இருக்கலாம், உதட்டில் அவ்வப்போது வருவதைச் சூட்டுக் கொப்புளம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். கல்யாணமான வீடுகளில் கணவனிடமிருந்து மனைவிக்குப் போகிறது. இவ்வளவு பேருக்கு இருக்கும் ஒன்றுக்கு ஒருவரை மட்டும் நிற்க வைத்து வெட்கப்படுத்துவது எனக்குத் தாங்கவில்லை.

இதில் உண்மையாகவே ஆபத்தான இடம் கர்ப்பம். கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றினால் பிரசவத்தில் குழந்தைக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மாதங்களில், உதட்டுப் புண் எப்போதாவது வருகிற கணவர் மனைவிக்கு வாய்வழி உறவைத் தவிர்த்துவிட வேண்டும். மனைவிக்கு முன்பே தொற்று இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடட்டும். 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள், வலி எடுக்கும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.