நோயின் பெயர் முதலில் நோயாளியின் காதுக்குப் போக வேண்டும்

கொழும்பு மனநல கிளினிக்குகளில் தமிழ் நோயாளிக்குப் பல தடவை நடப்பது இதுதான். வைத்தியர் கூட வந்த அண்ணனிடம் சிங்களத்தில் விளக்குகிறார். அண்ணன் திரும்பி, "யோசனை கூடிட்டுதாம், குளிசை போட்டால் சரியாம்" என்கிறார். நோயாளி வீட்டுக்குப் போய், கிளினிக் கொப்பியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை போனில் தேடி, தனியாக இருந்து பயப்படுகிறார். இது அநியாயம். நோய் அவருடையது.

வைத்தியர்களே, முதல் பத்து நிமிடம் நோயாளியைத் தனியாகப் பாருங்கள். குடும்பத்துக்கு என்னென்ன சொல்லலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டு, பிறகு அவர்களை உள்ளே கூப்பிடுங்கள். தமிழ் தெரியாவிட்டால் தமிழ் பேசும் தாதியையோ சமூக சேவை உத்தியோகத்தரையோ கூப்பிடுங்கள். உறவினர் மொழிபெயர்த்தால் வெட்கப்படுகிற இடத்தையெல்லாம் விழுங்கிவிடுவார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்ற கேள்வி அங்கேதான் காணாமல் போகும். அதை நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

பெயரைச் சொல்லுமுன், "உங்களுக்கு என்ன நடக்குது என்று நினைக்கிறீங்கள்?" என்று கேட்க வேண்டும். செய்வினை, கண்ணூறு, வெளிநாட்டுக் கடன், எது வந்தாலும் மறுத்து வாதாட வேண்டாம். அவர் சொன்னதையே எடுத்துக் கோர்த்துச் சொல்லுங்கள்: "ஆளில்லாமல் குரல் கேக்குது, நித்திரையில்லை, பின்னால வாறாங்கள் என்று பயம் எண்டீங்கள். இதெல்லாம் சேர்ந்து வாற ஒரு நோய் இருக்கு." பெயரைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் முதலில் பேசட்டும்.

சொற்களில் கவனம் வேண்டும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றால் மனம் உடைந்து போயிற்று என்றே காதில் விழும். ஜப்பானில் இதே சிக்கலால்தான் 2002இல் 'மனம் பிளந்த நோய்' என்ற பழைய பெயரை மாற்றினார்கள். நம்மிடம் மாறும்வரை, பெயரோடு சேர்த்தே "மனம் ரெண்டாப் பிளந்ததில்லை, விசரும் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு என்றால் வீட்டார் சோம்பல் என்று எடுப்பார்கள். பசி, நித்திரை, எடை எல்லாம் எப்படிக் குழம்பும் என்று அவர்கள் முன்னாலேயே விளக்குங்கள். தீராத பயம் பதற்றத்துக்குப் பதகளிப்பு நல்ல சொல். நெஞ்சு அடிக்கிறது என்று வந்தவருக்குப் பொருந்தும். அவருக்கு ஈசிஜியைக் காட்டி "ஒண்டுமில்லை" என்பதைவிடக் கெட்ட பதில் கிடையாது.

முதல் தடவை உளமாயம் (ஆளில்லாமல் குரல் கேட்பது, இல்லாததை உண்மையென்று நம்புவது) வந்தவருக்கு அவசரப்பட்டு ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதாதீர்கள். உலக சுகாதார நிறுவன வரையறையிலேயே அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதம் இருக்க வேண்டும். "எந்த வகை என்று போகப்போகத் தெரியும்" என்பது நேர்மையான பதில்தான்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் துண்டை மட்டும் நீட்டினால் என்ன ஆகும்? செர்ட்ரலின், ஃபுளுவொக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் முதல் வாரத்தில் ஓங்காளம் தரலாம். மனம் தெளிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். தெரியாதவர் ஐந்தாம் நாளே "ஒத்துவரேல்லை" என்று விட்டுவிடுவார். சுகமான பிறகும் குறைந்தது 6 மாதம் எடுக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள். உளமாயத்துக்குத் தரும் ஒலான்சபினில் எடை கூடும் என்பதையும் மறைக்க வேண்டாம்.

அம்மாமார் கட்டாயம் கேட்பது: "பிள்ளையளுக்கும் வருமோ?" ஸ்கிசோஃப்ரினியா பொதுவாக நூறில் ஒருவருக்கு வரும், தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் நூறில் பத்துப் பேரளவில். மீதித் தொண்ணூறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அங்கொடைக்கு அனுப்புவதானால் காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள். அந்த ஊர்ப் பெயரே நம் தெருக்களில் வசையாகக் கிடக்கிறது. அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவகம் என்று கேட்டால் பயம் கொஞ்சம் இறங்கும்.

போகுமுன், "வீட்டில என்னவென்று சொல்லுவீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கே தவறாக விளங்கியிருக்கிறது என்று அப்போது தெரியும். ஒருதரம் கேட்டது பாதி மறந்துபோகும். இரண்டு வாரத்துக்குள் திரும்ப வரச் சொல்லுங்கள். கொப்பியின் பின்பக்கத்தில் நோயின் பெயரைத் தமிழில் எழுதி, கீழே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.