கடலுக்குப் போகிற தண்ணீர் வீணில்லை

கஜகஸ்தானில் ஆரால்ஸ்க் என்றொரு ஊர். அதன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் சுவரில் வண்ணச் சில்லுகள் பதித்த பெரிய படம் ஒன்று இருக்கிறது. 1921இல் வோல்கா கரையில் கொடும் பஞ்சம். உதவி கேட்டு லெனின் எழுதிய கடிதத்துக்கு இந்த ஊர் மீனவர்கள் 14 வேகன் மீன் அனுப்பி வைத்தார்கள். அதன் நினைவாக வைத்த படம் அது. 2023 செப்டம்பரில் நானும் என் மகளும் அதன் முன்னால் நின்றபோது ஊரில் ஆரல் கடல் இல்லை. துறைமுகத்தின் துருப்பிடித்த கிரேன்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. கீழே மணல்.

மகள் கிர்கிஸ்தானில், பிஷ்கேக்கில் மருத்துவம் படித்தவள். நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் படிக்கிறார்கள். அவளுக்கு ரஷ்ய மொழி வரும் என்ற தைரியத்தில்தான் அல்மாட்டியில் ரயிலேறி, ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்து அங்கே போனேன். எனக்கு அந்தக் கடலைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. வேதாரண்யம் பக்கம் கடைமடை ஊரில் பிறந்தவன் நான். தலைமடையில் என்ன நடந்தாலும் அது முதலில் எங்கள் வாய்க்காலில் தெரியும். ஒரு கடலே கடைமடையாகிக் காய்ந்து போனது என்று படித்த நாளிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை.

ஆரல் என்றால் நமக்கு மீன் ஞாபகம் வரும். அவர்கள் மொழியில் தீவு என்று பொருள். 1960இல் அதன் பரப்பு 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடச் சற்றுப் பெரிது. உலகின் நான்காவது பெரிய ஏரி என்று அன்றைய பாடப் புத்தகங்களில் இருந்தது. பாமிர் மலையிலிருந்து அமு தரியா, தியான் ஷான் மலையிலிருந்து சிர் தரியா என இரண்டு ஆறுகள் அதற்குச் சோறு போட்டன. ஆண்டுக்குச் சுமார் 56 கன கிலோமீட்டர் வரத்து. நம் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 டிஎம்சி. எண்பதுகளில் சில ஆண்டுகள் அது ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தது.

எல்லாம் பருத்திக்காக. சோவியத் திட்டக்காரர்களின் கண்ணில் கடலுக்குள் போகும் ஆறு வெறுமனே ஆவியாகிப் போகும் தண்ணீர். 1954இல் துர்க்மெனிஸ்தானின் காராகும் கால்வாயைத் தொடங்கினார்கள். 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பாலைவன மணலில் வெட்டியது, தரையில் பூச்சு கிடையாது. வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மணல் குடித்ததே ஏராளம். கடல் சுருங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே, பருத்தியின் லாபம் மீனின் நஷ்டத்தைவிட அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் காற்று வரவில்லை. காய்ந்த கடல்தரையின் உப்பும், பருத்தி வயலிலிருந்து வடிந்து அங்கே படிந்த பூச்சிமருந்தும் புழுதியாகக் கிளம்பி மனிதர்களின் நெஞ்சுக்குள் போகும் என்பது வரவில்லை.

எங்களை ஜீப்பில் கூட்டிப்போன ஓட்டுநருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அம்மா ஆரால்ஸ்க் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கடல் போன பிறகும் தொழிற்சாலையை மூடவில்லையாம். பால்டிக் கடலிலிருந்தும் பசிபிக்கிலிருந்தும் உறையவைத்த மீன் ரயிலில் வந்தது. "அம்மா கடைசி வரைக்கும் மீன்தான் வெட்டினாங்க. ஆனா அது எந்தக் கடல் மீனுன்னு அவங்களுக்கே தெரியாது" என்றார். மகள் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழியில் ஓரிடத்தில் இறங்கி நடந்தேன். காலடியில் உப்பு நொறுங்கியது. எங்கள் ஊர் உப்பளத்து வரப்பில் நடந்தாலும் இந்தச் சத்தம்தான் வரும். ஆனால் உப்பளத்தில் வாரி எடுக்க ஆள் இருக்கும், குவியல் இருக்கும், பேச்சு இருக்கும். இங்கே சிப்பிகளும் நாலைந்து ஒட்டகங்களும்தான்.

பிறகு தண்ணீர் வந்தது. நிஜமான நீலம், நிஜமான அலை. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான். துருப்பிடித்த கப்பல் படங்களைப் பகிர்ந்துவிட்டு ஆரல் செத்துப்போனது என்று எழுதிக் கடந்து போகிறோம். வடக்கே அது சாகவில்லை.

1987 வாக்கில் கடல் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே சிர் தரியா வந்து சேரும் சிறு ஆரல். தெற்கே உஸ்பெகிஸ்தான் வரை விரிந்த பெரிய ஆரல். வடக்கில் சேரும் கொஞ்ச நீரும் தெற்கே வழிந்து மணலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வழியை அடைக்கலாம் என்று தொண்ணூறுகளில் உள்ளூர்க்காரர்களே மணலைக் குவித்து அணை கட்டினார்கள். உடைந்தது. மறுபடி கட்டினார்கள். 1999 ஏப்ரலில் புயலில் மறுபடி உடைந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நீர் ஏறியதை ஊரே பார்த்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உலக வங்கிக் கடனும் கஜகஸ்தான் அரசும் சேர்ந்து, 13 கிலோமீட்டர் நீளக் கோக்-ஆரல் அணையை 2005இல் முடித்தன. ஏரியின் நீர்மட்டம், கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால், 42 மீட்டரைத் தொடப் பல ஆண்டுகள் ஆகும் என்று நிபுணர்கள் நினைத்தார்கள். அடுத்த வசந்தத்திலேயே, ஏழு மாதத்தில் தொட்டுவிட்டது.

உப்பு குறைந்தது. அதற்கு முன்பு அந்த உவர்நீரில் மீனவர்களுக்குப் பிடிக்கக் கிடைத்தது கம்பலா என்ற தட்டை மீன் ஒன்றுதான். அதுவும் வேறு கடலிலிருந்து கொண்டுவந்து விட்டது. அணைக்குப் பிறகு ஆற்றிலிருந்து பழைய மீன்கள் தாமாகவே இறங்கி வந்தன. நாங்கள் போன அன்று கரைக்கு வந்த படகில் முழங்கை நீளத்துக்குக் கோக்செர்கே மீன்கள் கிடந்தன. கண்ணாடி போன்ற கண். கரையிலேயே தராசோடு ஒரு வேன் நின்றது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். அவனுடைய தாத்தா மீனவர், அப்பா ரயில்வேயில் கூலி, இவன் மறுபடி மீனவன்.

இதற்கு மேல் எழுதுவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. வடக்கைக் காப்பாற்ற அடைத்த வழி, தெற்குக்குப் போன வழி. 2014 கோடையில் பெரிய ஆரலின் கிழக்குப் பாதி முழுவதும் வறண்டதைச் செயற்கைக்கோள் படத்தில் உலகம் பார்த்தது. மிச்சமிருக்கும் மேற்குப் பள்ளத்தில் எந்த மீனும் வாழ முடியாத அளவு உப்பு. இந்த அணை மட்டுமே அதற்குக் காரணம் என்று சொன்னால் அநியாயம். தெற்கின் உயிர் அமு தரியா. அது டெல்டாவைத் தாண்டவே வழியில்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. என்றாலும் தெற்கே மொய்னாக் ஊர்க்காரர் ஒருவரிடம் கோக்-ஆரலை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மக்களுக்குப் பழைய கடலைத் திருப்பித் தருவோம் என்று இனி யாரும் வாக்குக் கொடுக்கவும் கூடாது. காய்ந்த தரையில் சக்சவுல் மரம் நட்டுப் புழுதியை அடக்குவதும், டெல்டாவின் சிறு ஏரிகளை நிரப்பி வைப்பதும்தான் அங்கே கைக்கு எட்டுகிற காரியம். 2018க்குப் பிறகு உஸ்பெகிஸ்தான் மரம் நடுவதில் இறங்கி வேலை செய்கிறது. அது மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை.

தண்ணீர் மொத்தமாக மாயமாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உப்பேறிய வயலைக் கழுவுவதற்கென்றே விதைப்புக்கு முன் வெள்ளமாகத் தண்ணீர் கட்டுகிறார்கள். அந்த வடிகால் நீர் பாலைவனத்தில் சாரிகாமிஷ் என்ற பள்ளத்தில் போய் நிற்கிறது. சிர் தரியா பக்கம் ஐதார் பள்ளத்தில் கிட்டத்தட்ட சிறு ஆரல் அளவுக்கே ஒரு நீர்ப்பரப்பு உருவாகியிருக்கிறது. ஆற்றில் விட இடமில்லாமல் திருப்பிவிட்ட தண்ணீர் அது.

ஏன் இடமில்லை? மேலே கிர்கிஸ்தானில் தோக்தோகுல் அணை இருக்கிறது. 1,950 கோடி கன மீட்டர் கொள்ளளவு. ஏழு மேட்டூர். சோவியத் காலத்தில் கோடையில் கீழே பாசனத்துக்குத் தண்ணீர் விடுவார்கள், குளிர்காலத்துக்கு நிலக்கரியும் எரிவாயுவும் கீழிருந்து மேலே போகும். 1991இல் நாடுகள் பிரிந்ததும் எரிபொருளுக்குக் காசு கேட்டார்கள். கிர்கிஸ்தானிடம் காசு இல்லை, அணை இருந்தது. அதனால் குளிரில் மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறந்தார்கள். கீழே ஆறு பனியாய் உறைந்து கிடக்க, வந்த வெள்ளத்தைத் தாங்க முடியாமல் ஐதாருக்குத் திருப்பினார்கள். கோடையில் வயல் காய்ந்தது.

கிர்கிஸ்தானைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. குளிரில் பிள்ளைகள் விறைக்கும்போது எந்த அரசும் மதகைத் திறக்கத்தான் செய்யும். கீழே இருக்கிறவர்கள் எரிபொருளோ காசோ கொடுத்துக் கோடைத் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டும். அதேபோல 2022இல் ஆப்கானிஸ்தான் தொடங்கிய கோஷ் தெபா கால்வாய். 285 கிலோமீட்டர், அமு தரியாவிலிருந்து. அவர்களும் ஏழை விவசாயிகள்தான், அவர்களுக்கும் ஆற்றில் பங்கு உண்டு. ஐந்து மத்திய ஆசிய நாடுகள் 1992இல் போட்ட ஒப்பந்தத்தில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. இன்றாவது அழைத்து உட்கார வைக்க வேண்டும். காராகும் செய்த தப்பை இன்னொரு கால்வாய் திரும்பச் செய்யாமல் இருக்க அதுதான் வழி.

என் கருத்து இதுதான்: கடலுக்கு முதலில் பங்கு ஒதுக்கிவிட்டு, பிறகு வயலுக்குப் பிரிக்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். எல்லோரும் எடுத்தது போக மிச்சம் கடலுக்கு. வறண்ட வருடத்தில் மிச்சம் ஏது? நம் ஊரில் காவிரியில் வெள்ளம் போகும்போதெல்லாம் "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று செய்தி வாசிப்பார்கள். சின்ன வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். ஆரல் கரையில் நின்ற பிறகு அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி ஒரு நீண்ட வெள்ளைக் கோட்டைக் காட்டினார். சில வருடம் முன்பு தண்ணீர் அதுவரை இருந்ததாம். இப்போது மறுபடி இருநூறு தப்படிக்கு மேல் உள்வாங்கியிருந்தது. அணையை இரண்டு மீட்டர் உயர்த்தப் பேச்சு நடக்கிறது, ஆனால் மேலிருந்து தண்ணீர் வந்தால்தானே என்றார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் மாறியது.

"என்னம்மா?" என்றேன்.

"பிஷ்கேக்கில போன குளிர்காலம் ரொம்பக் குளிரான்னு கேக்கறார் அப்பா. ஹாஸ்டல்ல ஹீட்டர் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு கேக்கறார்."