உங்கள் குரலிலேயே சொல்லுங்கள்

எனக்கு 67 வயது. தந்தி ஆபீசில் வேலை பார்த்தவள். போன வருடத்திலிருந்து செல்போனில் கதை செய்கிறேன். பழைய போட்டோ பத்துப் பன்னிரண்டு, கூடவே என் குரல், மொத்தம் இரண்டு நிமிடம். இதுவரை பதினொன்று முடித்துவிட்டேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் இதில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

இப்படிக் கதை சொல்வது நேற்று வந்ததில்லை. 1990களிலேயே கலிபோர்னியாவில் டானா அட்ச்லி, ஜோ லாம்பர்ட் போன்றவர்கள் பட்டறை நடத்தி, சாதாரண ஜனங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2001இல் பிரிட்டனின் பிபிசி வேல்ஸ் ஒலிபரப்பு நிறுவனம் வேல்ஸ் நாட்டில் ஊர் ஊராகப் போய் மக்களை உட்காரவைத்துச் செய்யச் சொன்னது. அங்கே வைத்திருந்த அளவு சுமார் 250 சொல், ஒரு டஜன் படம், இரண்டு நிமிடம். கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போனது. சொல்லை எண்ணிக் காசு வாங்கிய வேலை அல்லவா என்னுடையது!

முதலில் செய்தது என் பெரியப்பா கதை. 1984இல் அம்பாசமுத்திரத்தில் இருந்தேன். தந்தியில் ஒவ்வொரு எழுத்தும் குட்டையும் நீளமுமான தட்டலாக வரும். அந்த மோர்ஸ் ஒலியைக் காதில் வாங்கி எழுத்தெழுத்தாக எழுத வேண்டும். ஒரு சாயங்காலம் முகவரியில் எங்கள் தெருப் பெயர் வந்தது. அடுத்து அப்பாவின் பெயர். அப்புறம் 'பிரதர்' என்று வந்தது. அடுத்த சொல்லின் முதல் எழுத்து 'இ' என்று விழுந்தபோதே, 'எக்ஸ்பயர்ட்', அதாவது காலமானார், என்று முடியப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. கை நிற்கவில்லை. முழுச் செய்தியையும் எழுதி, கிடைத்தது என்று பதில் தட்டிவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்குத் தந்திக்காரரை அனுப்பவில்லை. நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நாற்பது வருடம் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பதிவு செய்யும்போது 'பிரதர்' என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. திரும்பப் பேசட்டுமா என்று பேத்தியிடம் கேட்டேன். "வேண்டாம் ஆச்சி, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

என் பிடிவாதம் இதுதான். இப்போது எழுதிக் கொடுத்தால் இயந்திரமே வாசித்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அம்மாவைப் பற்றி அருமையாக எழுதியிருந்தார். வாசித்தது இயந்திரக் குரல், பின்னால் புல்லாங்குழல். ழகரம் சுத்தமாக இருந்தது, திருநெல்வேலிதான் இல்லை. மூச்சு வாங்குகிறது, குரல் நடுங்குகிறது என்று கூச்சப்பட்டு அப்படிச் செய்தாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நடுக்கத்தைத்தானே பேரப்பிள்ளைகள் பின்னால் தேடப்போகிறார்கள்? 'வாராக', 'போறாக' என்று பேசுகிற வாயை ஏன் மூடிவைக்க வேண்டும்?

செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஃபேனை நிறுத்துங்கள். துணி அடுக்கிய பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள், எதிரொலி குறையும். பழைய போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் போடாமல் படம் எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே எடுங்கள். படத்தையும் குரலையும் சேர்ப்பதற்குக் கைன்மாஸ்டர், இன்ஷாட் என்று செல்போனில் ஆப் இருக்கிறது, ஏதாவது ஒன்று போதும். வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் அரை மணி நேரத்தில் சொல்லித் தருவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கும், அசலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். எதைச் சொல்வது என்று குழம்பினால், ஒரே ஒரு போட்டோவை எடுத்து, அதில் இல்லாத ஆளைப் பற்றிப் பேசுங்கள்.

2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. அதில் ஓடியாடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் தந்திக்காரருக்கு இப்போது 82 வயது, பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். மழையில் சைக்கிளை மிதித்துச் சாவுச் செய்தி கொண்டுபோனவர், ஒரு வாசலில் நின்று எப்படி ஆரம்பிப்பார் என்று கேட்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு போகிறேன். "எனக்குக் கோர்வையாப் பேச வராதேம்மா" என்று போனில் தயங்கினார். கோர்வை வேண்டாம் அண்ணாச்சி, நீங்கள் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.