கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் பயண நேரம் ஆகிவிடுமா?

சென்னையிலிருந்து லண்டன் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். தூரம் கணக்கிட்டுச் சொல்லும் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். "சுமார் 8,200 கி.மீ., பயண நேரம் 9 மணிச் சொச்சம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. உருண்டை பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே மிகக் குறுகிய கோடு ஒன்றை இழுத்து, விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கும் என்று வைத்துக்கொண்டு, அதன் நீளத்தை 900-ஆல் வகுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய ஆராய்ச்சி!

எங்கும் இறங்காமல் போகும் விமானத்துக்கே லண்டன் சேர 11 மணி நேரத்தை ஒட்டி ஆகும். திரும்பி வரும்போது நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் காற்று, போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. அதே இரண்டு ஊர், அதே தூரம். ஆனால் இந்தத் தளங்களில் போக வர ஒரே எண்தான்.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பதுகூட நிச்சயமில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாக அனுப்பியது. தூரம் 1,400 கி.மீ. போலக் கூடி 15,300 கி.மீ. ஆனது. நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்தது. எல்லாம் காற்றின் வேலை. வான்வெளியை மூடினால் கதையே வேறு. 2022-ல் ரஷ்யா மூடியதும், 9 மணிச் சொச்சத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரமானது. ஊர்கள் நகரவில்லையே, தூரத் தளங்களும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை!

நம் ஆட்களில் எத்தனை பேர் நேர் விமானத்தில் போகிறார்கள்? டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு துபாய், தோஹா என்று மாறித்தான் போகிறோம். துபாய் வழியாகப் போனால் தூரம் இருநூறு கி.மீ. போலத்தான் கூடும். நேரம்? சென்னை–துபாய் 4 மணி, துபாய்–லண்டன் ஏழரை, நடுவில் காத்திருப்பு மூன்றோ நான்கோ. புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே விமான நிலையத்தில் நிற்க வேண்டும், இறங்கியபின் குடிநுழைவு வரிசை, பெட்டி. வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் இருபது மணி நேரம்.

"ஒன்பது மணி நேரம்தானாம்" என்று நம்பிக் கிளம்புவது யார்? பேரப்பிள்ளையைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறும் அம்மா அப்பாக்கள். இன்சுலின் எப்போது போட்டுக்கொள்வது, மாத்திரை எத்தனை வேளைக்குக் கைப்பையில் வைப்பது, வீங்குகிற காலோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. வழியில் மாத்திரை தீர்ந்து, அப்பா தலைசுற்றலோடு வந்து இறங்கினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தூரத்தைச் சொல்கிறீர்களா, சொல்லுங்கள். பயண நேரம் என்று போட்டால் விமான அட்டவணையைப் பார்த்து, போகவும் வரவும் தனித்தனியாகப் போடுங்கள். முடியாதென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.